மரத்தடியில் ஒரு மீட்டர் மண்

சென்னையில் பழைய குடியிருப்புத் தெரு எதிலாவது நின்று, மரங்களை அண்ணாந்து பார்க்காமல் ஒரு தடவை குனிந்து பாருங்கள். வேம்போ புங்கையோ தூங்குமூஞ்சியோ, தண்டு நேராக சிமென்டிலிருந்து கிளம்பியிருக்கும். நடைபாதைக்குக் கல் பதித்தபோது மிஞ்சிய கலவையை மரத்தின் பட்டை வரைக்கும் இழுத்துப் பூசி, கரண்டியால் வழித்துவிட்டுப் போயிருப்பார்கள். தண்டு பருக்கப் பருக்க அந்த சிமென்ட் விளிம்பு பட்டையைக் கவ்விப் பிடிக்கும். சில மரங்களில் பட்டை சிமென்டின் மேல் மடிந்து, உதடு பிதுங்கியதுபோல வழிந்திருக்கும். மரம் நெரிபடுகிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டாம்.

தெருவில் பசுமை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மரக்கன்று நடும் விழாதான். ஜூன் 5 வந்தால் பேனர், கன்று, புகைப்படம். நடுவது வேண்டியதுதான். ஆனால் 30 வயது மரம் ஒன்று போய்விட்டால், அந்த இடத்தில் எத்தனை கன்று நட்டாலும் அதே நிழல் திரும்பி வர 20 வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை, நிற்கிற மரங்களின் அடியில் மண்ணைத் திறந்துவிடுவது என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது, எங்கே தப்பாகப் போகும் என்பதற்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மரத்தின் வேர், மரத்தின் உயரத்துக்கு ஈடாக ஆழத்தில் இறங்கியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல் மண்ணில், ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டில் அவை கிளைப் பரப்பையும் தாண்டிப் போகும். வேருக்கும் மூச்சு வேண்டும். மேலே காங்கிரீட் மூடினால் காற்றும் இறங்காது, மழையும் இறங்காது. வேர் ஈரத்தைத் தேடிப் போகும். தெருவில் ஈரம் கிடைப்பது கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளிலும், பக்கத்து வீட்டுத் தொட்டியின் வெடிப்பிலும். அப்புறம் "மரம் குழாயை உடைச்சிடுச்சு" என்று மரத்தின் மேல் பழி வரும். அடியில் மண்ணைத் திறந்துவிட்டால் இந்தச் சண்டைகளில் பாதி குறையும்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில், தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் காங்கிரீட்டை எடுக்கவும், மரங்களில் அடித்த ஆணி, பலகை, கம்பிகளை அகற்றவும் உத்தரவிட்டது. டெல்லிக்காகப் போட்ட உத்தரவுதான். ஆனாலும் நம் ஊரில் மனு எழுதும்போது இதைக் குறிப்பிட்டால், "எதற்கு ஒரு மீட்டர்" என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்கும்.

முதலில் ஒரு நோட்டு

காங்கிரீட்டில் கை வைக்கும் முன்னால் தெருவின் மரங்களை எண்ணி எழுத வேண்டும். இரண்டு பேர், ஒரு தையல் டேப், ஒரு நோட்டு போதும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் 40 மரம் முடிக்கலாம். மரத்தின் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, தண்டின் சுற்றளவு, அடியில் எவ்வளவு மண் திறந்திருக்கிறது, ஆணி, கம்பி, விளம்பரப் பலகை, சாய்வு, பொந்து, மேலே மின்கம்பி உண்டா இல்லையா. இவ்வளவும் ஒரு வரியில் வரட்டும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே உயரத்தில் எடுத்தால்தான் அடுத்த வருஷக் கணக்கோடு ஒப்பிட முடியும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 188 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு விட்டம் 60 செ.மீ. இந்த விட்டம் பின்னால் பள்ளம் தோண்டும்போது மிகவும் தேவைப்படும்.

மரத்துக்கு எண் கொடுக்கிறேன் என்று தகரத் துண்டை ஆணி அடித்து மாட்டாதீர்கள். வீட்டு எண்ணும் ஒரு படமும் போதும்.

இரண்டு விஷயங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டின் அடியில் பலகைபோலக் கெட்டியான காளான் தட்டுகள் முளைத்திருந்தால் உள்ளே வேர் அல்லது அடித்தண்டு அழுகுகிறது என்று பொருள். அந்த மரத்தைத் தெரிந்தவர் ஒருவர் உடனே வந்து பார்க்க வேண்டும். தண்டின் மேல் கரையான் மண்கோடு ஏறியிருந்தால் அவ்வளவு பதற வேண்டாம். அது பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. துடைப்பத்தால் தட்டிவிட்டு, கீழே பட்டை பச்சையாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காங்கிரீட்டை உடைப்பது

நடைபாதை உங்களுடையது கிடையாது. அனுமதி இல்லாமல் கடப்பாரையைத் தூக்கினால் நல்ல காரியம் புகாராகிவிடும். சென்னையில் உட்புறத் தெருக்களை வார்டு பொறியாளர் பார்ப்பார். பேருந்து போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனிப் பிரிவு உண்டு. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. எந்தத் தெரு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: எந்தெந்த மரம், படங்கள், எந்தத் தேதி, இடிபாடுகளை யார் அள்ளுவார்கள், விளிம்பை எப்படிச் சரிசெய்து தருவீர்கள். கடைசி இரண்டும் கடிதத்தில் இருந்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும். அதிகாரிக்கு இருக்கும் தயக்கம் முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான். ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-இல் ஒரு பதிவும் போட்டு, பதிவு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு மீட்டர் என்பது தண்டின் மையத்திலிருந்து இல்லை, பட்டையிலிருந்து. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வளையம் எடுத்தால் 4.7 சதுர மீட்டர் வரும். காங்கிரீட் 3 அங்குலம் கனம் என்றால் சுமார் 0.35 கன மீட்டர், எடை 800 கிலோவைத் தாண்டும். பழைய சிமென்ட் கோணியில் ஆளால் தூக்கக்கூடிய 30 கிலோ வீதம் கட்டினால் 27, 28 மூட்டை. ஒரே ஒரு மரத்துக்கு! இதைக் கணக்குப் போடாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் 10 மரத்தை உடைத்துப் போட்டுவிட்டு, இடிபாடு ஒரு மாதம் தெருவில் கிடந்து, முதியவர் ஒருவர் தடுக்கி விழுந்தால், அதன்பின் அந்தத் தெருவில் மரத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு மரம், அன்றைக்கே வண்டி. அதற்குமேல் வேண்டாம்.

நடைபாதை குறுகலாக இருந்தால் முழு வட்டம் கிடைக்காது. நடப்பவர்களுக்கு, சக்கர நாற்காலிக்கு வழி விட்டே ஆக வேண்டும். அங்கே சுவரை ஒட்டிய பக்கத்தை விட்டுவிட்டு, தெருவின் நீளவாக்கில் செவ்வகமாகத் திறக்கலாம்: அகலம் 60 செ.மீ., நீளம் ஒன்றரை மீட்டர். வட்டம் அழகாக இல்லையே என்று மரம் கவலைப்படாது; திறந்த பரப்புதான் அதற்குக் கணக்கு.

வேலை நடக்கும் விதம் இப்படி. சாக்பீஸில் கோடு போடுங்கள். தெருவிளக்குக் கம்பி, குடிநீர் இணைப்பு, இணைய கேபிள் எங்கே போகிறது என்று முந்தின நாளே கேட்டு வைத்திருக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பி பல இடங்களில் ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில் கிடக்கும். தோண்டும்போது வரிசையாகச் செங்கல்லோ ஆற்று மணலோ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள், கீழே மின்கேபிள் இருக்கலாம். உடைப்பதை வெளிக்கோட்டில் தொடங்கி உள்ளே வர வேண்டும். கடப்பாரையும் சம்மட்டியும் வெளிப்பகுதிக்கு மட்டும். தண்டிலிருந்து கடைசி அரை அடிக்குச் சின்ன உளியும் சுத்தியலும்தான். உளியை எப்போதும் மரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்த்துப் பிடியுங்கள். பட்டை உரிந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் நுழையும். உடைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் அதிர்வு காங்கிரீட்டுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வேரைச் சிதைத்துவிடும்.

காங்கிரீட்டைத் தூக்கியதும் அடிப்பக்கத்தில் வேர் வலைபோலப் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். வருஷக்கணக்கில் அந்த இருட்டில் கிடைத்த கொஞ்ச ஈரத்தைத் தேடி வந்தவை. அவற்றை வெட்டாதீர்கள். கட்டை விரலைவிடத் தடியான எந்த வேரையும் தொடக்கூடாது. ஈரக் கோணியைப் போட்டு மூடிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தாலே நுனி வேர்கள் கருகிவிடும். கீழே இறுகிய மண்ணைக் கைக்கொத்தால் 5 செ.மீ. அளவுக்குக் கிளறினால் போதும். கலந்திருக்கும் ஜல்லியைப் பொறுக்கிவிட்டு, மக்கிய எருவும் மண்ணும் கலந்து மெல்லிதாகப் போட்டு, அதன்மேல் காய்ந்த சருகை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். மண்ணும் சருகும் தண்டைத் தொடக்கூடாது, நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

மண்ணின் மட்டம் நடைபாதையைவிட இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலான இடங்களில் தவறு நடக்கிறது. மட்டம் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மழையிலும் நடைபாதைத் தண்ணீர் மரத்துக்கு வந்து சேரும். விளிம்புக்குச் செங்கல் வைப்பதானால் கலவை போடாமல் படுக்கையாகப் பதித்து, இரண்டு இடத்தில் தண்ணீர் நுழைய வாய் விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று நம் ஊரில் அன்போடு நடக்கிறது. மரத்தைச் சுற்றி இரண்டு அடிக்கு மேடை கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டி, உட்கார இடம் செய்வது. கட்டுபவர்கள் மரத்தின் மேல் பாசத்தால்தான் கட்டுகிறார்கள். ஆனால் தண்டு வேராக விரியும் அந்தக் கழுத்துப் பகுதி காற்றில் இருக்க வேண்டிய பகுதி. அது மண்ணுக்குள் போனால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும். மரம் உடனே சாகாது. 5 வருஷமோ 8 வருஷமோ கழித்து உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது, மேடைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. மேடை வேண்டுமென்றால் தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மண்ணை உயர்த்தாமல், கல் பெஞ்சு மட்டும் போடுங்கள். அரசமரத்தடியில் பிள்ளையார் இருந்தால், விளக்கு ஏற்றும் இடத்தைத் தண்டிலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு கல் பீடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிப் பூசை செய்பவரிடமே பேசுங்கள். தினமும் ஒரே இடத்தில் சுடர் பட்டால் பட்டை கருகிப் பிளந்துவிடும். மரத்தைக் கும்பிடுகிறவரிடம் இதைச் சொல்வது கஷ்டமே இல்லை.

ஆணி பிடுங்குவது எளிது, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நகச் சுத்தியலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டை வைத்து நெம்ப வேண்டும். நேராக இழுக்க வேண்டும், ஆட்டக்கூடாது. தலை பட்டைக்குள் புதைந்துவிட்ட ஆணியை விட்டுவிடுங்கள், தோண்டி எடுப்பது பெரிய காயம். ஓட்டையில் சிமென்ட், எம்சீல், மஞ்சள் எதையும் அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும். இரும்புக் கூண்டு தண்டைக் கடித்திருந்தால், கடித்த துண்டின் இரண்டு பக்கமும் வெட்டி மீதிக் கூண்டை எடுத்துவிட்டு, உள்ளே சிக்கியதை அப்படியே விடுங்கள்.

பள்ளம் தோண்டும் நாள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. காற்றின் வேகம் மட்டும் காரணமில்லை. வடிகாலுக்காகவும் கேபிளுக்காகவும் ஒரு பக்க வேர் முழுவதும் வெட்டப்பட்ட மரம், புயல் வரும்வரை பச்சையாக நின்றுகொண்டுதான் இருக்கும். வேர் போனதைக் கிளை உடனே காட்டிக்கொடுக்காது. அதனால்தான் மழைநீர் வடிகால் வேலை உங்கள் தெருவுக்கு வரும் நாளில் தெருக்காரர்கள் இருவராவது அங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு நோட்டில் எழுதிய விட்டம் உதவும். மர மருத்துவம் தெரிந்தவர்கள் பின்பற்றும் அளவு, தண்டு விட்டத்தைப்போல 12 மடங்கு தூரம் வரை மண்ணைத் தொடாமல் இருப்பது. 40 செ.மீ. விட்ட மரத்துக்கு அது 4.8 மீட்டர். நம் தெருக்களில் அது நடக்காது. ஆனால் 3 மடங்குக்குள், அதாவது அதே மரத்துக்கு 1.2 மீட்டருக்குள் பள்ளம் வந்தால் மரத்தைப் பிடித்து நிறுத்தும் தடித்த வேர்களே போய்விடும். அந்த எல்லைக்குள் வடிகால் வரைபடம் போகிறது என்றால், வளைத்துக்கொண்டு போக முடியுமா, அந்த இடத்தில் மட்டும் கையால் தோண்ட முடியுமா என்று தோண்டுவதற்கு முன்னால் பொறியாளரிடம் கேட்க வேண்டும். தோண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. ஜேசிபி வேரை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த வேர் பின்னால் ஒரு மீட்டர் வரை கிழிந்து அழுகும். வெட்டியே ஆக வேண்டிய வேரைக் கைரம்பத்தால் நேராக அறுக்கச் சொல்லுங்கள். ரம்பத்தை நீங்களே எடுத்துப் போய்விடுவது நல்லது, அங்கே இருக்காது.

கிளை வெட்டுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில், கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டலாம். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கம்பியைத் தொடும் கிளை, இவை மட்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதை மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும், நீங்கள் அரிவாளோடு ஏறக் கூடாது. கம்பிப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டால் மரம் மறுபக்கம் பாரமாகிச் சாயும். அடுத்த பக்கத்திலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழுவதும், பாரம் இறங்கிய பிறகு மிச்சக் கட்டையைத் தண்டோடு சேரும் வீங்கிய வளையத்துக்கு வெளியே ஒட்டி. முதல் வெட்டு இல்லாமல் போனால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். உச்சியை மொட்டையடிப்பது மட்டும் கூடவே கூடாது. அங்கிருந்து கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. அடுத்த புயலில் முதலில் ஒடிவது அவைதான்.

அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை அடியோடு வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ரம்பத்தோடு ஆட்கள் வந்து நின்றால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சத்தம் போட வேண்டாம். வந்திருப்பவர்கள் கூலிக்கு வந்தவர்கள். "கடிதம் வரட்டும் அண்ணே, அதுவரைக்கும் டீ சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, படம், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 1913-க்கும் கவுன்சிலருக்கும் பேசுங்கள்.

வரைபடத்தில் மட்டும் இருக்கும் பூங்கா

மரத்துக்கு அடுத்தபடி மனை. ஒரு லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வது இதைத்தான். 3,000-இலிருந்து 10,000 வரை உள்ளவற்றில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. உங்கள் குடியிருப்பில் முள்ளும் புதருமாக, கார் நிறுத்தும் இடமாகக் கிடக்கும் மனை அதுவாக இருக்கலாம்.

கண்டுபிடிக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாக வரும். "எங்கள் பகுதியில் பூங்கா உள்ளதா" என்று கேட்காமல், லேஅவுட் ஒப்புதல் எண், அங்கீகரித்த வரைபட நகல், பூங்காவுக்கு ஒதுக்கிய பரப்பு சதுர மீட்டரில், தானப் பத்திர எண், தேதி, இன்று அது யார் பெயரில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பத்திரம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுக் காசில்லாமல் பார்க்கலாம். வரைபடத்தில் பூங்கா இருந்து தானப் பத்திரம் இல்லை என்றால், அந்த மனைதான் முதலில் கைமாறும். உடனே எழுத்தில் கொடுங்கள்.

பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு உபயோகத்துக்குத் தருவதைக் குடியிருப்பவர்கள் எதிர்க்கலாமா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்த்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிக்காரர்கள் தொடுத்த வழக்கில், வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றும் தீர்ப்பானது. மருத்துவமனை என்ற நல்ல காரியத்துக்கே அந்த நிலை.

இடம் கையில் வந்த பிறகு நடைபாதை, டைல்ஸ், உடற்பயிற்சிக் கருவி என்று நிரப்பாமல், பாதியையாவது வெறும் மண்ணாக விடுங்கள். கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டி இருக்கும் மரப்பூங்கா ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து நாட்டு மரங்களால் நிரப்பினார்கள். புல்தரையும் பூச்சட்டியும் இல்லாமலேயே ஒரு பூங்கா இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

சருகுப் பிரச்சினைக்கும் அந்த மனையில்தான் தீர்வு. தெருவில் மரத்தை வெட்டச் சொல்லி வரும் புகார்களைக் கேட்டுப் பார்த்தால், "இலை கொட்டுது, கூட்டி மாளலை" என்பது தவறாமல் வரும். கம்பி வலையை மூன்று அடி விட்டம், மூன்று அடி உயரத்தில் உருளையாகக் கட்டினால் 600 லிட்டர் கொள்ளும். சருகு ஓர் அடி, அதன்மேல் சாணிக் கரைசல் அல்லது புளித்த மோர் ஒரு வாளி, திரும்பச் சருகு. பிழிந்த துணிபோல ஈரம் இருந்தால் நாலு மாதத்தில் எரு. காய்ந்துபோனால் ஒரு வருஷமானாலும் சருகு சருகாகவே இருக்கும். எங்கள் தொட்டி மக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு ஏறக்குறைய எப்போதும் இதுதான் காரணம். தெரு கூட்டும் தூய்மைப் பணியாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், சருகையும் பிளாஸ்டிக்கையும் அவர் சேர்த்து அள்ளிவிட்டால் தொட்டி வீண்.

நடுவதும் அதற்குப் பிறகும்

மண் திறந்த இடத்தில் மரம் இல்லாத இடைவெளிகளுக்கு மட்டும் நடுங்கள். தெருவுக்கு 6 அடிக்குக் குறையாத கன்று வேண்டும். சின்னக் கன்றை மாடு மேயும், வண்டி இடிக்கும். குழி இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு அடி. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைப் பிரித்துவிட்டு, அல்லது மூன்று இடத்தில் நெடுக்காகக் கீறிவிட்டு நட வேண்டும். அப்படியே வைத்தால் அந்த வளையம் பின்னால் தண்டையே நெரிக்கும். பையோடு சேர்த்துப் புதைத்த கன்றுகளும் உண்டு, பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் குச்சி நட்டுப் பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், நைலான் கயிறு வேண்டாம்.

மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை. இடம் இருந்தால் வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம். கடற்கரைப் பக்கம் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கும். நாவல் அருமையான மரம், ஆனால் பழக் காலத்தில் நடைபாதை வழுக்கும், பூங்காவில் வையுங்கள். ஆலும் அரசும் மதில் ஓரத்தில் வேண்டாம். வேகமாக வளருமென்று கோனோகார்பஸ் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள், தமிழ்நாடு அரசே அதை நடத் தடை போட்டிருக்கிறது.

தண்ணீர் முதல் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி, 15 லிட்டர், மெதுவாக. இரண்டாம் கோடையில் வாரம் இரண்டு முறை, மூன்றாம் கோடையில் வாரம் ஒன்று. இதை யார் செய்வது என்பதில்தான் எல்லாச் சங்கங்களும் தடுமாறுகின்றன. பட்டியலில் கையெழுத்துப் போட்ட குடும்பங்களில் பல மே மாதம் ஊருக்குப் போய்விடும், கன்றுக்குத் தண்ணீர் உயிராக இருப்பதும் அதே மே மாதம்தான். அந்த மாதத்துக்கு வேறு பட்டியல் போடுங்கள். தெருவை விட்டு எங்கும் போகாதவர்கள் இருக்கிறார்கள்: மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், இளநீர்க் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், வாட்ச்மேன்கள். அந்த நிழலின் அருமை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள், வேலை சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள். இஸ்திரிக் கரியின் சூட்டுச் சாம்பலைத் தண்டடியில் கொட்ட வேண்டாம், மீன் வண்டியின் உப்பு ஐஸ் தண்ணீரை மரத்துக்கு ஊற்ற வேண்டாம் என்பதையும் அங்கேயே பேசி முடிக்கலாம். வாளியும் குழாயும் பக்கத்து வீட்டு வாசலிலேயே இருக்கட்டும், கதவைத் தட்டிக் கேட்கும்படி வைத்தால் மூன்றாம் நாள் யாரும் தட்ட மாட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஓர் அட்டையில் கன்றுகளின் எண்ணையும் தேதியையும் எழுதி, ஊற்றியவர் ஒரு கோடு போடும்படி ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து எல்லோரும் திரும்பி வந்ததும், அந்த அட்டையில் கோடு விழாத எண் எது என்று பார்த்து, அந்தக் கன்றிடம் முதலில் போங்கள்.